அழித்த எண்களைத் திரும்ப எடு, ஜெனி

ராமநாதபுரம்
8 மார்ச், ஞாயிறு

அன்பு மருமகள் ஜெனிக்கு,

அத்தை எழுதுவது. மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட உங்கள் மாமா அரண்மனைப் பக்கம் போய் ஜிலேபி வாங்கி வந்துவிட்டார். என்னத்தைச் சொல்ல! அம்மா பஸ்ஸில் கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது. அப்பாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீயாவது எழுது. கேட்டால் அண்ணன் என்னிடம் உண்மையைச் சொல்லமாட்டார்.

போன வாரம் நீ பேசியபோது குரலில் அத்தனை துள்ளல். மீனவர் சங்கத்தில் உன்னிடம் கொடுத்த பழைய போன் நம்பர் பட்டியலை, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கி கீழக்கரை, தொண்டி வரைக்கும் உள்ள ஆயிரக்கணக்கான எண்களை, ஒரே ராத்திரியில் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னாய். "குப்பையெல்லாம் தூக்கிட்டேன் அத்தை, அஞ்சுல ஒரு பங்கு போயிருச்சு" என்றாய். உன் வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த அஞ்சில் ஒரு பங்கு யார் என்று நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்று எச்சரிக்கை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்த சேதி, டீசல் மானியத்துக்குக் கடைசித் தேதி எதுவும் இனி அவர்களுக்குப் போகாது. போகவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியவராது.

போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரங்க் கால் காலத்திலிருந்து எண்களோடு மல்லுக்கட்டியவள் நான். 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அன்றைக்கு வேலையை விட்டேன். எண்களை விடவில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். கையை வைப்பதற்கு முன்னால் இருந்த மூலப் பட்டியல் பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. மூலத்தைத் தொடவே கூடாது. பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்யவேண்டும். தப்பான எண் என்று தோன்றினாலும் அழிக்காதே. பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, என்ன குறை, எந்தத் தேதியில் பார்த்தது, யார் பார்த்தது என்று எழுதி வை. வலையைக் கரையில் விரித்துப் பார்க்கிற உங்கப்பா, கிழிசலைக் கண்டால் உட்கார்ந்து பொத்துவாரே தவிர, அந்த இடத்தையே வெட்டி எறிவதில்லையே.

இனி அந்த எக்செல் தாளைப் பற்றி. அதற்கு போன் நம்பரும் ரூபாய்க் கணக்கும் ஒன்றுதான். முன்னால் இருக்கிற பூஜ்யத்தைத் தின்றுவிடும், கூட்டல் குறியைத் தின்றுவிடும். பன்னிரண்டு இலக்க எண்ணைக் கொடுத்தால் நடுவில் புள்ளியும் இங்கிலீஷ் எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டும். அந்தக் கோலத்திலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போனது போனதுதான். திரும்பத் திறக்கும்போது அந்த இடமெல்லாம் பூஜ்யமாக நிற்கும். உன் பட்டியலில் கடைசியில் ஐந்தாறு பூஜ்யத்தோடு முடிகிற எண்கள் இருந்தால் அவை கடவுள் கொடுத்த ஃபேன்சி நம்பர் இல்லை, எக்செல் கடித்த எண்கள். மூலத்தில் தேடினால் கிடைக்கலாம். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடு. ஒரே கட்டத்துக்குள் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும், நடுவில் இடைவெளி இருக்கும், "மகன்" என்று எழுதியிருக்கும். மெஷின் இதையெல்லாம் தப்பு என்று தள்ளும். பிரித்து எழுதினால் அத்தனையும் நல்ல எண்கள்.

பத்து இலக்கம் இருக்கவேண்டும், 6, 7, 8, 9 இதில் ஒன்றில் தொடங்கவேண்டும் என்று ஒரு விதி போட்டதாகச் சொன்னாய். இந்திய செல்போனுக்கு அது சரி. ஆனால் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பதை உனக்கு நான் சொல்லவேண்டுமா? படகு இங்கே நிற்கும், உரிமையாளர் துபாயில் இருப்பார். நாட்டுக் குறியீட்டுக்குப் பின்னால் குவைத்திலும் கத்தாரிலும் எட்டு இலக்கம்தான். அமீரகத்திலும் சவூதியிலும் செல்போனுக்கு ஒன்பது, இலங்கையிலும் ஒன்பது. இவை எல்லாவற்றையும் உன் விதி குப்பை என்று சொல்லியிருக்கும்.

அதைவிட மோசம் சிங்கப்பூர். அந்த நாட்டுக் குறியீடு 65, பின்னால் எட்டு இலக்கம். கூட்டிப் பார்: பத்து இலக்கம், 6-ல் தொடக்கம். கூட்டல் குறி போய்விட்டால் அசல் இந்திய எண் மாதிரியே நிற்கும். நீ முன்னால் 91 சேர்த்து அனுப்புவாய், சேதி எவனோ ஒருவனுக்குப் போகும். பெங்களூர் தரைவழி எண்ணும் இப்படித்தான். 080-ல் பூஜ்யம் உதிர்ந்தால் 8-ல் தொடங்கும் பத்து இலக்கம், பார்த்தால் செல்போன்தான். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதே. எந்த ஊர், எந்த நாடு என்று தனிக் கட்டம் வை. உலகத்தில் எந்த எண்ணையும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என்ற ஒரே வரிசையில் எழுதலாம், மொத்தம் பதினைந்து இலக்கத்தைத் தாண்டாது. எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நம்முடைய 04573-ஐயும் 04567-ஐயும் தூக்கிவிட்டாயா? ராமேஸ்வரம் பக்கத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் உள்ள எஸ்.டி.டி. குறியீடுகள் அவை. பூஜ்யம் போனால் 4-ல் தொடங்கும், உன் விதி வெளியே தள்ளும். எஸ்.எம்.எஸ். அதற்குப் போகாது, வாஸ்தவம். ஆனால் அது ஐஸ் கம்பெனி போனாகவோ பங்குத்தந்தை வீட்டு போனாகவோ இருக்கும். கூப்பிட்டுச் சொன்னால் தெருவுக்கே சேதி போய்விடும். 'பேச்சுக்கு மட்டும்' என்று குறித்து வைத்துக்கொள்.

எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து இது இன்ன கம்பெனி என்று முடிவு கட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடு. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். ஏர்செல் 2018-ல் மூடியபோது நம் கடற்கரையே அல்லாடியது நினைவிருக்கிறதா? அப்போது நீ பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாய். உங்கம்மா மாதிரி பலர் பழைய எண்ணோடே வேறு கம்பெனிக்கு மாறினார்கள். பலர் வெறுத்துப்போய் புது சிம் வாங்கினார்கள். ஆகவே "ஏர்செல் நம்பர்தானே" என்று கூட்டமாகத் தூக்கினால், அதில் உயிரோடு இருக்கிற உன் அம்மாவும் போய்விடுவாள்.

அடுத்தது, எண் சரி, ஆள் சரியா என்பது. ஆதாரில் பன்னிரண்டாவது இலக்கம் முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒரு இலக்கம் தப்பாக அடித்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும். போன் நம்பருக்கு அப்படிக் காவல் இலக்கம் எதுவும் கிடையாது. 4-ஐ 7 என்று அடித்தால் அது இன்னொருவருடைய நல்ல எண். எந்த மென்பொருளும் அதைத் தப்பு என்று சொல்லாது.

கைமாறிய எண்ணும் உண்டு. ஒரு எண்ணைத் துண்டித்தால் 90 நாளுக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்குப் பிறகு கொடுக்கலாம். உன் பட்டியலில் முனியசாமி என்று இருக்கிற எண்ணை இன்றைக்குத் தர்மபுரியில் ஒரு காலேஜ் பையன் வைத்திருக்கலாம். சேதி 'டெலிவர்ட்' என்றுதான் வரும், நீயும் நிம்மதியாக இருப்பாய். முனியசாமிக்கு ஒன்றும் தெரியாது. இந்த வம்பு பெரிய இடங்களிலும் உண்டு. துண்டித்த எண்களின் பட்டியலைப் பார்த்து வாடிக்கையாளர் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. உங்கள் சங்கத்துக்கு இருப்பது ஆளைக் கேட்டுப் பார்க்கும் வழி. கேட்கும்போதும் "முனியசாமி அண்ணனா?" என்று நீ எடுத்துக் கொடுக்காதே. எடுத்தவர் "ஆமா" என்று சொல்லிவிடுவார். "யார் பேசுறீங்க, எந்த ஊரு?" என்று கேள். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பதில் வராத எண்ணை எல்லாம் செத்த எண் என்று வைத்துவிட்டாய், இல்லையா? எந்தக் கிழமை கூப்பிட்டாய் என்று யோசித்துப் பார். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகு. படகுக்காரன் மகள் நீ, உனக்கு இது தெரியாதா? புதன்கிழமை ராத்திரி விசைப்படகுக்காரரைக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? டவர் எட்டாத இடத்தில் வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அரிச்சல்முனைப் பக்கம் போனாலே இலங்கை டவர் பிடிக்கிறதென்று போனை அணைத்து வைக்கிறவர்கள் எத்தனை பேர்! தடைக்காலத்தில் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே வேறு சிம் போடுவார்கள், இங்கே உள்ளதைக் கழற்றிப் பர்ஸில் வைத்திருப்பார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறவரின் போன் எங்கே மணி அடிக்கும்? அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று அவர் பெண்சாதியிடம் போய் உன்னால் சொல்லமுடியுமா? நம் கரையில் போனை எடுக்காதவர்தான் கடலில் இருக்கிறவர். காற்று எச்சரிக்கையே அவருக்காகத்தான். சுத்தம் செய்கிறேன் என்று நீ வெளியே தள்ளியது அவரைத்தான்.

எஸ்.எம்.எஸ். கம்பெனி அனுப்புகிற அறிக்கையில் 'ஃபெயில்ட்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதே, காரணம் கேட்டு வாங்கு. 'ஆப்சென்ட் சப்ஸ்கிரைபர்' என்றால் போன் அணைந்திருக்கிறது அல்லது டவர் இல்லை. எண் உயிரோடுதான் இருக்கிறது. 'அன்நோன் சப்ஸ்கிரைபர்' என்றால் கம்பெனியின் ஏட்டில் அப்படி ஒரு எண்ணே இல்லை. அதையும் வேறு வேறு நாளில் பார்த்தபிறகுதான் நம்பவேண்டும். டி.என்.டி. போட்டிருந்தால் விளம்பரம் தடைபடும். அது அவர் உரிமை, எண்ணின் குறை இல்லை. ஒரே நேரத்தில் கூட்டமாக எல்லாமே தோற்றால் உங்கள் சேதியின் வாசகத்தைப் பார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ம் ஆண்டு விதிகளின்படி முன்கூட்டிப் பதிந்த வாசகத்தோடு ஒத்துப்போகாத சேதியைக் கம்பெனிகள் நிறுத்திவிடும். அந்தக் கோபத்தை எண்கள்மேல் காட்டாதே.

ஒரே எண் ஐந்து பேருக்கு இருந்ததால் நான்கை நீக்கினேன் என்றாயே, அதற்கு உன் காதைத் திருகவேண்டும். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற பெண்களில் எத்தனை பேர் கையில் தனி போன் இருக்கிறது? மகன் போன், பக்கத்து வீட்டு போன், குழுத் தலைவி போன். ஒரு எண்ணை நம்பி ஐந்து பெண்கள் இருந்தால் அது ஐந்து பெண்கள்தான். பட்டியலில் வரிசை ஆளுக்கு, எண் அந்த ஆளைத் தேடிப்போகிற வழி. ஆளை நீக்காதே. அதே சமயம் அந்தோணி, அந்தோனி, ஆண்டனி என்று மூன்று வரியில் இருப்பவர் ஒருவரே என்றால் சேர்க்கலாம். அதற்குத் தகப்பன் பெயரும் படகுப் பதிவு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்.

அப்புறம் ஒரு பயம். இணையத்தில் இலவசமாக எண் சரிபார்த்துத் தருகிற இடம் ஒன்றில் பட்டியலை ஏற்றினேன் என்றாய் அல்லவா? இனிமேல் செய்யாதே. பெயரோடும் ஊரோடும் இத்தனை எண்கள், அதில் பாதி பெண்கள். யார் கைக்குப் போயிற்று என்று நமக்குத் தெரியாது. நாளைக்கு ஒருவன் கூப்பிட்டு "நிவாரணப் பணம் நிக்குது, ஓ.டி.பி. சொல்லுங்க" என்பான். பெயரும் ஊரும் சரியாகச் சொல்கிறானே என்று நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நம்மை நம்பி நம்பர் கொடுத்தவர்கள் அவர்கள். சங்கத் தலைவரிடம் நடந்ததைச் சொல்லிவிடு. ஓ.டி.பி. கேட்டு வருகிற அழைப்பை நம்பவேண்டாம், பணம் போனால் உடனே 1930-க்குக் கூப்பிடவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு சேதியும் அனுப்புங்கள்.

"இப்போ டவர்ல இருந்தே எல்லா போனுக்கும் அபாயச் சத்தம் வருதே அத்தை, பட்டியல் எதுக்கு?" என்று கேட்பாய். 2023 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க சோதனை செய்தார்களே, எல்லா போனும் ஒன்றாய் அலறியதே, அதைத்தானே சொல்கிறாய்? நல்ல ஏற்பாடுதான். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு மாதிரி அதற்கும் யார் பெயரும் தெரியவேண்டாம். ஆனால் டவருக்குள் இருக்கிற போனுக்குத்தான் அது கேட்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள் கரைக்கு வெகு தூரத்தில் இருந்தார்கள், சேதி அவர்களை எட்டவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தப் படகில் யார் போனார், கரையில் யாரைக் கேட்பது என்று தெரிந்தால்தான் தேட ஆரம்பிக்கமுடியும். ஆகவே ஆளுக்கு இரண்டு எண் வாங்கு: அவர் கையில் இருப்பது ஒன்று, கரையில் எப்போதும் எடுக்கிற ஆளுடையது ஒன்று. பெரும்பாலும் அது பெண்சாதியோ மகளோதான்.

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். சரிபார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் கேரளாவுக்குக் கிளம்புகிறவர்களை அதற்கு முன்பே பிடித்துவிடு. கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிற இடத்துப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார். பூசை முடிந்ததும் கோவிலிலும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் சொல்லச் சொல். பாம்பன் 'கடல் ஓசை' 90.4-ல் அறிவிக்கக் கேள். வந்தவரிடம் எண்ணைக் கேட்டு எழுதாதே, சங்கத்து எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல். எண் தானாக வந்து விழும், கைத்தவறு இருக்காது, போன் உயிரோடு இருப்பதும் தெரிந்துவிடும். நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் இல்லை, அவர்கள் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துத் தனியாகப் போ.

திட்டிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இத்தனை வருஷமாய் யாரும் தொடாத பட்டியலைத் தொட்டவள் நீ ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை. வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்காராதே. ஈஸ்டருக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அழித்ததைத் திரும்ப எடு. சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேள். பட்டியலை மட்டும் யாருக்கும் அனுப்பாதே, எனக்கும்கூட.

அன்புடன்,
அத்தை